செவிகளைத் தேடிச் சென்ற சுரம்

மருத்துவர்களும் பொறியாளர்களும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கதையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணிக்குக் கணக்கு இருக்கிறது. அவர்கள் வெளியேறியதால் நேர்ந்த இழப்புக்கும் மதிப்பீடுகள் இருக்கின்றன. இசைக் கலைஞர்கள் வெளியேறியதைப் பற்றி அப்படியொரு கணக்கை யாரும் எழுதியதில்லை. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விடுபடல் என்னை நெடுநாள்களாக உறுத்தி வந்திருக்கிறது. எண்களில் அடங்காத அந்தக் கணக்கை ஒரே ஒரு கலைஞரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1970ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 51 வயதான இந்துஸ்தானிப் பாடகர் ஒருவர் நியூயார்க் நகரில் வந்து இறங்கினார். அவர் பெயர் பண்டிட் பிராண்நாத். பத்தாண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். அதற்கு முன்பு அகில இந்திய வானொலியில் பாடியவர். சக கலைஞர்கள் அவருடைய ராக ஞானத்தை மதித்தார்கள். பொதுமக்களிடம் அவருக்குப் பெரும்புகழ் இருந்ததில்லை. அந்த வயதில் ஒருவர் புதிய நாட்டில், புதிய மொழியில், புதிதாக வாழ்க்கையைத் தொடங்குவது எளிதன்று. ஆயினும் அடுத்த 26 ஆண்டுகளில், அமெரிக்காவின் புத்திசை அமைப்பாளர்கள் பலருக்கு அவர் குருவானார். 1996 ஜூன் 13 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மறைந்தபோது, அவருடைய இசையைச் சுமந்து செல்லும் சீடர் பரம்பரை ஒன்று அந்நாட்டில் வேரூன்றியிருந்தது.

தன் நாட்டில் ஓரமாக நின்ற ஒருவர் அந்நிய மண்ணில் மையத்துக்கு வந்தது எப்படி? அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், இதற்குப் பின்னால் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

பிராண்நாத் 1918 நவம்பர் 3 அன்று லாகூரில் பிறந்தார். வசதியான குடும்பம். இசையைத் தொழிலாக ஏற்க வீட்டில் இசைவு கிடைக்காததால் 13 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். கிராணா கரானாவின் தூண்களில் ஒருவரான உஸ்தாத் அப்துல் வாஹித் கானிடம் போய்ச் சேர்ந்தார். கற்றுக்கொண்டதைவிட அவர் பணிவிடை செய்த காலமே தொடக்கத்தில் அதிகம். குருவின் வீட்டு வேலைகளைச் செய்வது, மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதைக் காதால் கேட்டு மனத்தில் இருத்துவது, ஊர் அடங்கிய பின் யாருக்கும் தொல்லையின்றித் தனியே சாதகம் செய்வது என ஆண்டுகள் கழிந்தன. இந்து சீடர், முஸ்லிம் குரு என்ற வேறுபாடு அங்கே பொருட்படுத்தப்படவில்லை. இந்துஸ்தானி இசை உலகின் பழைய இயல்பு அது.

டேராடூன் அருகே உள்ள தப்கேஷ்வர் சிவன் கோயில் குகையில் துறவியைப் போல அவர் சில ஆண்டுகள் தங்கிப் பாடியிருக்கிறார். கேட்க மனிதர் எவரும் இல்லாத இடத்தில், நீரோசையைச் சுருதியாகக் கொண்டு செய்த சாதகம் அது. இல்லறத்துக்குத் திரும்ப வேண்டும், இசையை உலகுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று குரு பணித்ததால்தான் குகையை விட்டு வெளியே வந்ததாக அவருடைய சீடர்கள் சொல்வார்கள். 1947இல் தேசப் பிரிவினை அவருடைய லாகூரை வேறு நாடாக்கியது. 1949இல் குரு மறைந்தார். பிறந்த ஊர், குரு ஆகிய இரண்டையும் இரண்டே ஆண்டுகளில் அவர் இழந்தார்.

கிராணா என்பது உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கைரானா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது. இந்தப் பாணிக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வாஹித் கானின் உறவினரும் இப்பாணியின் மற்றொரு தூணுமான உஸ்தாத் அப்துல் கரீம் கான் மைசூர் அரசவையில் பாடியவர். கர்நாடக இசையின் சுரம் பாடும் முறையை விரும்பித் தம் பாட்டில் சேர்த்துக்கொண்டவர். தியாகராஜர் கிருதியையும் பாடி இசைத்தட்டில் பதிவு செய்தவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் சென்றபோது உடல்நலம் குன்றி, செங்கல்பட்டுக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர் நீத்தார். அந்த நிலையத்தைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் பயணம் செய்கிறார்கள். இந்திய இசை வரலாற்றின் ஓர் அத்தியாயம் அங்கே முடிந்தது என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

கிராணா பாணியின் உயிர்நாடி சுரத் தூய்மை. வேகமான தானங்களையும் தாள விளையாட்டுகளையும்விட, ஒரு சுரத்தை அதன் மிகச் சரியான இடத்தில் நிறுத்தி, அதில் நெடுநேரம் நிலைப்பதையே இப்பாணி பெரிதாகக் கருதும். வாஹித் கான் ஒரு ராகத்தை மிக மெதுவாக, சுரம் சுரமாகத் திறந்துகொண்டே போவார். பிராண்நாத் அதை இன்னும் மெதுவாக்கினார். ஷட்ஜத்தை மட்டுமே பல நிமிடங்கள் பாடக்கூடியவர் அவர். இந்த மெதுவான தன்மையே அவருடைய வாழ்க்கைச் சிக்கலுக்கும் பிற்கால வெற்றிக்கும் காரணமாக அமைந்தது.

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய இசையின் பொருளாதாரத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். இந்துஸ்தானி இசையை நூற்றாண்டுகளாகத் தாங்கியவை சமஸ்தானங்களும் ஜமீன்களும். அரசவை வித்துவானுக்கு மாதச் சம்பளம் இருந்தது. எத்தனை நேரம் பாடுகிறார், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதற்கும் அவர் வருமானத்துக்கும் தொடர்பு இல்லை. பயிற்சிக்கும் சிந்தனைக்கும் தேவையான ஓய்வுப் பொழுதை அந்தச் சம்பளம் விலைக்கு வாங்கித் தந்தது. 1947க்குப் பின் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1950களில் ஜமீன்தாரி முறை ஒழிந்தது. 1971இல் மன்னர் மானியமும் நிறுத்தப்பட்டது. ஜனநாயகத்துக்கு இவை மிகத் தேவையான மாற்றங்கள். அதே நேரம், ஒரு கலைக்குச் சோறு போட்ட பழைய அடுப்பு அணைந்தது என்பதும் உண்மை.

அந்த இடத்தை மூன்று நிறுவனங்கள் நிரப்ப வந்தன. முதலாவது, இசைத்தட்டு. இந்தியாவில் 1902 முதல் இசைப்பதிவு நடந்தது. ஆனால், நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடங்கள்தாம் அடங்கும். அந்த நேரத்துக்குள் ராகத்தின் சாரத்தைப் பிழிந்து தரக்கூடியவர்களுக்குப் புகழும் பணமும் கிடைத்தன. ஒரு சுரத்திலேயே மூன்று நிமிடங்களைக் கழிப்பவருக்கு அங்கே இடம் ஏது? பதிவை விரும்பாத வாஹித் கான் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இரண்டாவது, வானொலி. நேரடி ஒலிபரப்பு, மாதச் சம்பளம், நாடெங்கும் கேட்போர் என அரசவைக்கு நிகரான புதிய புரவலராக அது வளர்ந்தது. பிராண்நாத் போன்ற பலருக்கு அது வாழ்வளித்தது. ஆனால், வானொலிக்குக் கடிகாரம்தான் எசமான். ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்தால் ராகமும் முடிந்தாக வேண்டும். மூன்றாவது, கல்லூரி. 1926இல் லக்னோவில் பாத்கண்டேயின் முயற்சியால் தொடங்கிய மாரிஸ் இசைக் கல்லூரி, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் என்ற முறையை நிலைநாட்டியது. பரம்பரை உரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இசையின் கதவு அதனால் திறந்தது. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆயினும், மணி அடித்தால் வகுப்பு மாறும் முறைக்கும், ஒரே ராகத்தில் ஓராண்டைக் கழிக்கச் சொல்லும் குருவுக்கும் பொருந்திப் போவது கடினம்.

மூன்று நிறுவனங்களும் தவறானவை அல்ல. அவை எல்லாமே நேரத்தைச் சிறு துண்டுகளாக அளந்து விற்றன. பிராண்நாத்திடம் இருந்த சரக்கைத் துண்டு போட முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது நீண்ட நேரத்தைத் தரக்கூடிய ஒரு புரவலர்.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு தேடல் நடந்துகொண்டிருந்தது. அதை விளக்க, சுருதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

ஷட்ஜத்தின் அதிர்வு வினாடிக்கு 240 என்று வைத்துக்கொள்வோம். இயற்கையாக இசைந்து ஒலிக்கும் பஞ்சமத்தின் அதிர்வு அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 360. அந்தரகாந்தாரம் ஒன்றேகால் மடங்கு, அதாவது 300. தம்புராவைச் சரியாகச் சேர்த்து மீட்டினால், நாம் மீட்டாத இந்தக் காந்தாரம் தானாகவே அதனுள்ளிருந்து ஒலிப்பதைக் கூர்ந்த செவி கேட்கும். பியானோவிலும் ஹார்மோனியத்திலும் கதை வேறு. எந்தச் சுரத்தையும் ஆதாரமாகக் கொண்டு வாசிக்க வசதியாக, ஒரு ஸ்தாயியை 12 சமப் பங்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதன்படி பஞ்சமம் ஏறத்தாழ 359.6 ஆகிறது, காந்தாரம் 302.4 ஆகிறது. பஞ்சமத்தின் வேறுபாடு அற்பம். காந்தாரத்தின் வேறுபாடு, பழகிய காதுக்குக் கல் கலந்த சோறு போன்றது. அகில இந்திய வானொலி 1940 முதல் மூன்று பத்தாண்டுகளுக்கு ஹார்மோனியத்தைத் தடை செய்திருந்ததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

இந்திய இசை இத்துடன் நிற்பதில்லை. ஒரே பெயருள்ள சுரம் ராகத்துக்கு ராகம் இடம் மாறும். தர்பாரி கானடாவின் காந்தாரம் வழக்கமான இடத்திலிருந்து சற்றுத் தாழ்ந்து, மெல்ல அசைந்து நிற்கும். சரியான அந்த இடத்தை எழுத்தில் குறிக்க முடியாது. குரு பாடுவதைக் கேட்டு, தான் பாடி, திருத்தப்பட்டு, மீண்டும் பாடித்தான் பிடிக்க முடியும். மைக்கேல் போலன்யி என்ற அறிஞர், சொல்லில் வடிக்க இயலாமல் செயலில் மட்டும் வெளிப்படும் அறிவை உள்ளுறை அறிவு என்ற கருத்தால் விளக்கினார். தொழில்நுட்ப இடமாற்றம் பற்றிய பொருளாதார ஆய்வுகளில் இக்கருத்துக்கு இன்றும் இடம் உண்டு. இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பலாம். அதை ஓட்டுபவரின் கைப்பக்குவத்தை அனுப்ப முடியாது, ஆளே போக வேண்டும். சுருதி ஞானமும் அப்படித்தான்.

1960களில் லா மாண்டி யங் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், சமப் பங்கீட்டு முறையைக் கைவிட்டு, தூய விகிதங்களில் சுரங்களைச் சேர்த்து, அவற்றை மிக நீண்ட நேரம் ஒலிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். 1964இல் தம் பியானோவையே அந்த விகிதங்களில் சுருதி சேர்த்து அவர் தொடங்கிய படைப்பு உலகப் புகழ் பெற்றது. பிராண்நாத்தின் ஒலிப்பதிவு ஒன்று 1960களின் பிற்பகுதியில் அவர் கைக்கு எட்டியது. தாம் கணக்குப் போட்டுத் தேடிக்கொண்டிருந்த ஒன்றை ஒரு மனிதர் தம் குரலால் சாதாரணமாகச் செய்வதை அவர் கேட்டார். தில்லியில் குறையாகத் தெரிந்த மெதுவான தன்மை, நியூயார்க்கில் அரிய திறனாகத் தெரிந்தது. ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளில் மட்டும் இல்லை. அதை நாடுபவரின் தேவையிலும் இருக்கிறது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். அதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வேறு சில கதவுகளும் அதே நேரத்தில் திறந்தன. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓராண்டில் 100 இந்தியர்கள் மட்டுமே அமெரிக்காவில் குடியேறலாம் என்றிருந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறைக்கு முடிவு கட்டியது. ரவிசங்கரின் பயணங்களால் இந்திய இசை அங்கே அறிமுகமாகியிருந்தது. 1967இல் சரோத் மேதை அலி அக்பர் கான் பெர்க்லியில் தம் பெயரில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். நீண்டநேர இசைத்தட்டு வந்துவிட்டதால், ஒரு பக்கத்தில் 20 நிமிடங்களுக்கு மேல் ஒரே ராகத்தைப் பதிய முடிந்தது. 1968இல் அமெரிக்காவில் வெளியான பிராண்நாத்தின் முதல் தட்டில் இரண்டே ராகங்கள்: பூபாளி, ஆசாவரி. 78 சுற்றுத் தட்டின் காலத்தில் கற்பனை செய்யவும் முடியாத வெளியீடு அது.

நியூயார்க்கில் அவர் வாழ்ந்த முறை குருகுலத்தைத் தலைகீழாக்கியது என்று சொல்லலாம். சீடர்கள் குருவின் வீட்டுக்குப் போகவில்லை. குருவே சீடர்களின் வீட்டில் தங்கினார். லா மாண்டி யங்கும் அவருடைய துணைவியார் மரியன் ஜசீலாவும் அவரைத் தம் இல்லத்தில் வைத்து, மரபு கூறும் பணிவிடைகள் அனைத்தையும் செய்து, விடியற்காலையில் தம்புராவுடன் அமர்ந்து கற்றார்கள். இன்னொரு புகழ்பெற்ற இசையமைப்பாளரான டெர்ரி ரைலி, 1970இலேயே குருவுடன் இந்தியாவுக்கு வந்து தங்கிப் பயின்றார். எக்காளக் கலைஞர் ஜான் ஹாசல், குருவின் குரல் நெளிவுகளைத் தம் கருவியில் கொண்டுவர முயன்று, புதியதோர் ஊதுமுறையையே உருவாக்கினார். ஜாஸ் கலைஞர் டான் செரியும் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர். ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த இவர்கள், ஷட்ஜத்தைச் சரியாகப் பாடக் கற்கும் தொடக்க நிலை மாணவர்களாக அவர் முன் உட்கார்ந்தார்கள்.

1972இல் நியூயார்க்கில் கிராணா இசை மையம் தொடங்கப்பட்டது. 1973 முதல் 1984 வரை கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரின் மில்ஸ் கல்லூரியில் அவர் கற்பித்தார். பாடகர் என்பதுடன் இசையறிஞர் என்றும் அவரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் புத்தகம் எழுதிய அறிஞர் அல்லர். எந்த ராகம் எந்தப் பொழுதுக்கு உரியது, அந்தப் பொழுதில் எந்தச் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கச்சேரி வரிசைகளாகவே பாடி விளக்கினார். தாம் விரும்பிய ஒலிக்காகத் தம்புராவின் அமைப்பையே மாற்றி வடிவமைத்தார். அவருடைய ஆய்வேடு என்பது அந்தக் கச்சேரிகளும் அந்தத் தம்புராவும்தாம்.

இந்தக் கதையைப் பொன்னுலகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது சரியாகாது. அமெரிக்கப் புரவலர்களுக்கும் ஆயுள் உண்டு. டியா கலை அறக்கட்டளை 1974இல் நிறுவப்பட்டது. அதன் பணத்தின் பெரும்பகுதி, ஷ்லம்பர்ஜே என்ற எண்ணெய் வயல் சேவை நிறுவனத்தின் பங்குகளிலிருந்து வந்தது. அந்த அறக்கட்டளை 1979இல் நியூயார்க்கின் ஹாரிசன் தெருவில் ஒரு பெரிய கட்டடத்தையே லா மாண்டி யங்கின் இசைப்பணிக்குக் கொடுத்தது. பிராண்நாத்தின் குரலும் அங்கே ஒலித்தது. 1980களின் முற்பகுதியில் கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. பங்குகளின் மதிப்பு இறங்கியது. அறக்கட்டளை தன் செலவுகளைச் சுருக்கியது. 1985இல் அந்த இல்லம் மூடப்பட்டது. பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க்கும் மன்ஹாட்டனில் பாடப்பட்ட ராகத்துக்கும் இடையே இப்படியொரு கண்ணுக்குத் தெரியாத கயிறு இருந்தது. அவர் கற்பித்த மில்ஸ் கல்லூரியும் நிதி நெருக்கடியில் சிக்கி, 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துடன் இணைந்துவிட்டது. மன்னர் போனால் அறக்கட்டளை, அறக்கட்டளை போனால் கல்லூரி என்று கலைஞன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இது ஏன் இப்படி? வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1966இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார்கள். ஆலையில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி, இயந்திரங்களால் ஆண்டுதோறும் பெருகுகிறது. அதற்கேற்ப ஊதியமும் உயர்கிறது. நான்கு பேர் வாசிக்க வேண்டிய ஓர் இசைப் படைப்புக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு பேரும் அதே நேரமும் தேவைப்பட்டன, இன்றும் அவ்வாறே. உற்பத்தித் திறன் கூடாது. ஆனால், கலைஞரின் வாழ்க்கைச் செலவு மற்றவர்களுடையதைப் போலவே கூடும். எனவே நிகழ்த்துகலை எப்போதும் தன் வருவாயைவிடச் செலவு அதிகமுள்ள நிலையிலேயே இருக்கும். கலைஞர்களின் சோம்பலோ நிர்வாகத் திறமையின்மையோ இதற்குக் காரணமல்ல. ஒரு மணி நேர ஆலாபனையைப் பத்து நிமிடத்தில் பாடினால் அது திறன் பெருக்கம் ஆகாது; ஆலாபனையே இல்லாமல் போகும். ஒரு சீடரை உருவாக்கப் பத்தாண்டுகள் என்ற கணக்கும் குறையாது. ஆகவே, கேட்பவர் தரும் கட்டணத்துக்கு அப்பால் யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும். மன்னரா, அரசா, அறக்கட்டளையா, சீடர்களா என்பது மட்டுமே கேள்வி.

வெளிநாட்டில் வாழ்ந்த இந்துஸ்தானிக் கலைஞர்கள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டார்கள். தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லட்சுமி சங்கர் 1926இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். பரதநாட்டியம் பயின்று, அல்மோராவில் உதயசங்கரின் கலை மையத்தில் சேர்ந்தவர். நோயால் நடனத்தைக் கைவிட நேர்ந்தபோது, பாட்டியாலா பாணியில் இந்துஸ்தானி இசை கற்றுப் பெரும் பாடகியானார். 1974இல் ரவிசங்கர், ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோருடன் வட அமெரிக்கப் பயணத்தில் பாடினார். 2013இல் கலிபோர்னியாவில் மறைந்தார். அவருடையது மேடையின் வழி. அலி அக்பர் கான் நிறுவனத்தின் வழியைத் தேர்ந்தார். 1991இல் மெக்காதர் அறக்கட்டளையின் பெருமைமிகு நிதிநல்கை அவரைத் தேடி வந்தது. பிராண்நாத் தேர்ந்தது மிகப் பழைய வழி: சிறு வட்டம், நெருங்கிய சீடர்கள், நீண்ட காலம்.

அந்த வழியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? இங்கே ஒரு நேர்மையான கணக்கு தேவை. அவருடைய அமெரிக்கச் சீடர்களில் பெரும்பாலோர் இசையமைப்பாளர்கள். சுரத்தின் மீதான கவனம், ஒலியில் நிலைத்திருக்கும் பொறுமை, தம்புராவின் மீதான பக்தி ஆகியவை அவர்களிடம் முழுமையாகச் சேர்ந்தன. கயால் பாடல்களின் மொழி, அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள பண்பாட்டு நினைவு, பாடும்போதே தலையசைத்துத் தட்டிக்கொடுக்கும் ரசிகர் கூட்டம் ஆகியவை அதே அளவில் கடல் கடக்கவில்லை. குருவைத் தெய்வமாக்கும் போக்கும் அந்த வட்டத்தில் இருந்தது. அது இசையை மதிப்பிடுவதற்கு உதவாது. இந்தியாவிலோ, அவருக்கு அத்தகைய சீடர் வட்டம் அமையவே இல்லை. பெற்றவர்களுக்கு ஒரு பகுதி கிடைத்தது; நமக்கு அந்தப் பகுதியும் கிடைக்கவில்லை.

ஆயினும் அந்தக் கொடி பட்டுப்போகவில்லை. லா மாண்டி யங்கும் ஜசீலாவும் 2002இல் ராகம் பாடும் ஒரு குழுவை அமைத்தார்கள். டெர்ரி ரைலி 2020 முதல் ஜப்பானில் வாழ்கிறார். அங்குள்ளவர்களுக்கு ராகம் சொல்லிக்கொடுக்கிறார். கைரானாவில் கிளைத்து, லாகூரில் தழைத்து, தில்லி வழியாக நியூயார்க் சென்ற ஒரு பாணி, இன்று ஜப்பானிய மாணவர்களின் தொண்டையில் ஒலிக்கிறது. பண்பாடு யாருக்கும் பட்டா போட்ட நிலம் அல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஒரு கலைஞர் வெளிநாடு போவதை இழப்பு என்று மட்டும் நான் கருதவில்லை. போகாமலிருந்தால் பிராண்நாத்தின் இசை அவருடனேயே முடிந்திருக்கவும் கூடும். வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. அவர் போனதை நாம் கவனிக்கவே இல்லை. ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் விலகினார், அந்த இடம் நிரப்பப்பட்டது என்ற அளவில் நம் ஆவணங்களில் அது முடிந்துபோயிருக்கும்.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே இருந்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில், ஐ.டி.சி. நிறுவனத்தின் நிதியில் கொல்கத்தாவில் அமைந்த சங்கீத ஆராய்ச்சி மையம், குருக்களை வளாகத்தில் குடியமர்த்தி, சீடர்களுக்கு உதவித்தொகை அளித்து, காலக்கெடு விதிக்காமல் பயிற்றுவித்தது. இன்றைய முன்னணிப் பாடகர்கள் சிலர் அங்கிருந்து வந்தவர்கள். மத்திய அரசின் கலாசார அமைச்சகமும் குரு-சீடர் மரபுக்கென நிதியுதவி வழங்குகிறது. எண்ணம் சரியானது. ஆனால், ஆண்டுக்காண்டு புதுப்பித்து, விண்ணப்பம், சான்றிதழ், ஆய்வு எனக் கலைஞரைக் காத்திருக்க வைக்கும் எந்த உதவியும், பத்தாண்டுகள் எடுக்கும் பணிக்குப் பொருந்தாது. உதவி நீண்ட காலத்துக்கு உறுதி செய்யப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள், பட்டத்தை வைத்து மட்டும் அளக்காமல், மரபில் தோய்ந்த கலைஞர்களுக்கு வேலைநேரக் கட்டுப்பாடற்ற பணியிடங்களை உருவாக்கலாம். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடச் சட்டம் அனுமதிக்கும் துறைகளில் பாரம்பரியக் கலைகளும் அடங்கும். அதில் ஒரு பகுதியேனும் விழா மேடைகளைத் தாண்டிப் பயிற்சிக்குப் போகலாம். தேவாரப் பண்ணிசை, நாகஸ்வரம் போன்ற நம் கலைகளுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

ஒரு நாட்டின் செல்வத்தை அளக்க நாம் பல அளவுகோல்களை வைத்திருக்கிறோம். அவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஒரே ஒரு சுரத்தைச் சரியாகப் பாடுவதற்காகத் தன் ஆயுளைச் செலவிடும் ஒருவரை, அந்த நாடு பசியின்றி, அவசரமின்றி வாழவைக்கிறதா? அமெரிக்கா அதைச் சில ஆண்டுகள் செய்தது, சில புரவலர்களின் தயவில். நாம் அதைப் பொதுப்பணத்தில், உரிமையாக, தொடர்ந்து செய்ய முடியும். அதற்குத் தேவைப்படும் தொகை பெரிதல்ல; தேவைப்படும் பொறுமைதான் பெரிது.